பழைய டிராக்டரின் லோடருக்கு எந்தப் பம்பு?

கூட்டுறவுச் சங்கத்தின் பணம் யாருக்கும் சொந்தமற்ற பணம் என்று எண்ணுவோர் சிலர் உண்டு. அது ஒவ்வோர் அங்கத்தினருக்கும் சொந்தமான பணம் என்பதே உண்மை. அப்பணத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு பொருளும் கணக்குப் பார்த்தே வாங்கப்படுதல் வேண்டும். துணி வாங்கும்போது நூலின் நம்பரையும், விதை வாங்கும்போது முளைப்புத் திறனையும் கேட்டு வாங்கும் நம் அங்கத்தினர்கள், இயந்திர உறுப்பு வாங்கும்போது மட்டும் விற்பவர் சொல்லையே வேதமாகக் கொண்டுவிடுகின்றனர். இந்தக் குறையைப் போக்கும் எண்ணத்துடன், இம்மாதம் ஒரே ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு சற்று விரிவாக ஆராய்வோம். பழைய டிராக்டரின் முன்புறத்தில் பொருத்திய லோடரை இயக்கும் ஹைட்ராலிக் பம்பே அவ்வுறுப்பு.

வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பல, டிராக்டரும் கருவிகளும் வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. உழவுக் காலம் போக எஞ்சிய நாட்களில் டிராக்டர் வீணே நிற்கிறது. அதன் முன்புறத்தில் லோடர் ஒன்றைப் பொருத்தினால், தொழுவுரம் அள்ளலாம். உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை வண்டியில் ஏற்றலாம். ஆலைக் கழிவு உரத்தை வயலில் சேர்க்கலாம். வாடகை வருமானமும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். இந்த எண்ணம் நல்லதே. பழைய டிராக்டருக்கு எந்தப் பம்பை வாங்குவது என்ற இடத்தில்தான் சிக்கல் எழுகிறது. "எதற்கும் பெரியதாகவே வாங்கிவிடுவோம்" என்பது நிர்வாகக் குழுக்களில் அடிக்கடி கேட்கும் விடை. அவ்விடை ஏன் பொருந்தாது என்பதைக் கணக்கைக் கொண்டே காண்போம்.

டிராக்டரோடு வந்த பம்பு போதாதா?

பெரும்பாலான பழைய டிராக்டர்களில், பின்புறக் கலப்பையைத் தூக்குவதற்கென ஒரு பம்பு ஏற்கனவே உண்டு. கருவியை மூன்று முனைகளில் இணைத்து எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஹாரி பெர்குசன் என்பவர். 1936-இல் அவர் பெயரால் வெளிவந்த டிராக்டரிலும், 1939-இல் போர்டு நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்ட டிராக்டரிலும் இம்முறை இடம்பெற்றது. 1953-இல் அவருடைய நிறுவனம் மாசே-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. சென்னையில் 1960-இல் தோன்றிய டாஃபே நிறுவனம் மாசே பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியதால், அம்மரபு தமிழ்நாட்டு வயல்களிலும் நன்கு பரவியது.

இவ்வகைப் பழைய டிராக்டர்களின் உட்பம்பைப் பற்றி மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, அப்பம்பை இயக்குவது பி.டி.ஓ. தண்டு. ஒற்றைக் கிளட்ச் உடைய டிராக்டரில் கிளட்சை மிதித்தவுடன் அத்தண்டு நிற்கும்; பம்பும் நிற்கும். லோடர் வேலையிலோ முன்னும் பின்னும் போய்வர ஓயாமல் கிளட்சை மிதிக்க வேண்டும். மிதிக்கும்போதெல்லாம் தூக்குதல் நின்றுபோனால் வேலை எப்படி நடக்கும்? இரட்டைக் கிளட்ச் உடையவற்றில் இக்குறை பெருமளவு நீங்கும்.

இரண்டாவது, அப்பம்பு கலப்பையைத் தூக்குவதற்கென அமைந்தது. அது தரும் எண்ணெயின் அளவு குறைவு. கலப்பை வரப்போரத்தில் ஒருமுறை மெல்ல எழுந்தால் போதும். லோடரின் கைகளோ நாள் முழுவதும் எழுந்து தாழ வேண்டும்.

மூன்றாவது, அப்பம்பு உறிஞ்சும் எண்ணெய் கியர் பெட்டியின் எண்ணெயே. லோடரின் குழாய்களில் புகும் தூசும் நீரும் அவ்வெண்ணெய் வழியே கியர்களையும் பேரிங்குகளையும் சென்றடையும். லோடரின் சிலிண்டர்கள் எண்ணெயை இழுத்துக்கொள்ளும்போது கியர் பெட்டியில் மட்டமும் குறையும்.

ஆகவே எப்போதேனும் ஒரு நாள் எரு அள்ளுவதற்கு உட்பம்பு போதும். வாடகைக்கு விடும் லோடருக்குத் தனிப் பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் அமைப்பதே முறை.

கொட்டும் அளவு வேறு, தூக்கும் வலு வேறு

கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் உழவர் இரண்டு கேள்விகளைக் கேட்பார்: தண்ணீர் எவ்வளவு கொட்டும்? எவ்வளவு உயரம் ஏறும்? லோடர் பம்புக்கும் இவ்விரண்டு கேள்விகளே உண்டு. ஒரு நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தருகிறது என்பது முதலாவது. அதனைப் பொறுத்தது வேகம். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது இரண்டாவது. அதனைப் பொறுத்தது தூக்கும் வலு.

ஆயினும் கிணற்றுப் பம்பிற்கும் இதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. கிணற்றுப் பம்பின் வெளிக் குழாயை அடைத்துவிட்டால், உள்ளே நீர் சும்மா சுழலும். லோடருக்குப் பயன்படும் கியர் பம்பு அத்தகையதன்று. அதனுள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. பற்களுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையேயுள்ள குழிகளில் எண்ணெய் சிக்கி, சக்கரங்களின் வெளிப்புறமாகச் சுற்றி வந்து மறுபக்கம் தள்ளப்படுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும் இயல்புடையது அது. வழியை அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எங்கேனும் ஒன்று வெடிக்கும். அதனைத் தடுப்பதற்கே ரிலீஃப் வால்வு என்னும் காவற்காரன் இருக்கிறான். குறித்த அழுத்தத்தை எட்டியவுடன் அது திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. லோடரின் தூக்கும் வலுவை முடிவு செய்பவை சிலிண்டரின் குறுக்களவும், ரிலீஃப் வால்வு அனுமதிக்கும் அழுத்தமும் ஆகும். பம்பைப் பெரிதாக்கினால் வேகம் கூடும். வலு ஒரு கிலோவும் கூடாது.

ஒரு கணக்கு

ஒரு லோடரின் கைகளைத் தூக்க இரண்டு சிலிண்டர்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றின் உட்குறுக்களவு 5 சென்டிமீட்டர்; பிஸ்டன் நகரும் நீளம் 60 சென்டிமீட்டர். பிஸ்டனின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். அதனை 60-ஆல் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 1,180 கன சென்டிமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து 2.36 லிட்டர் எண்ணெய். பக்கெட்டைக் கவிழ்க்கும் சிலிண்டர்களையும் இவற்றையும் ஒருசேர முழுமையாக இயக்குவது அரிது. ஆதலால் தூக்கும் சிலிண்டர்களை வைத்தே கணக்கிடலாம்.

கைகள் கீழிருந்து மேலே செல்ல 5 வினாடி போதும் எனில், நிமிடத்திற்கு 28 லிட்டருக்குச் சற்று மேல் எண்ணெய் வேண்டும். இஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது, கிராங்க் தண்டோடு நேராக இணைந்த பம்பு, சுற்றொன்றுக்கு 19 கன சென்டிமீட்டர் தர வேண்டும். பம்பினுள் பத்தில் ஒரு பங்கு கசிவுக்கு இடம் விட்டால் 21 கன சென்டிமீட்டர் ஆகும். கடைக்காரரிடம் சொல்ல வேண்டிய எண் இதுவே.

அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ எனில், இரு சிலிண்டர்களும் சேர்ந்து தள்ளும் வலு ஏறத்தாழ 5,900 கிலோ. இவ்வளவும் பக்கெட்டில் கிடைக்கும் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. சிலிண்டர் கையின் அச்சுக்கு அருகிலும் பக்கெட் தொலைவிலும் இருப்பதால், துலாவின் கணக்குப்படி வலு குறையும். ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் 1,180 கிலோ. அதிலும் கைகளின் எடையும் பக்கெட்டின் எடையும் கழிய வேண்டும்.

இனி, இஞ்சின் தர வேண்டிய குதிரைத் திறன். லிட்டரை அழுத்தத்தால் பெருக்கி 450-ஆல் வகுத்தால் விடை வரும். 28.3 லிட்டர், 150 கிலோ அழுத்தம் என்றால் ஏறத்தாழ 9½ குதிரைத் திறன். உராய்வு முதலிய இழப்புகளையும் சேர்த்தால் 11 என்று கொள்ளலாம். 35 குதிரைத் திறன் டிராக்டருக்கு இது தாங்கக்கூடிய பளுவே.

பெரிய பம்பினால் வரும் தீங்கு

மேற்கண்ட லோடருக்கு இருமடங்கு பம்பு வாங்கிப் பொருத்தினால் என்ன ஆகும்? கைகள் இரண்டரை வினாடியில் எழும். பளுவோடு அவ்வளவு விரைவாக எழுவது ஓட்டுநருக்கே ஆபத்து. அதே அழுத்தத்தில் இஞ்சினிடமிருந்து 22 குதிரைத் திறனை அது கேட்கும். பழைய உறிஞ்சு குழாயும் வால்வும் அவ்வளவு எண்ணெயை விடாமல் நெரிக்கும், எண்ணெய் கொதிக்கும். எண்பதாம் நம்பர் நூலுக்குரிய அச்சில் நாற்பதாம் நம்பர் நூலைக் கோத்தால் பாவு என்ன ஆகும் என்பதை நெசவாள அங்கத்தினர்கள் அறிவர். பெரியது, சிறியது என்பதைவிட ஒன்றுக்கொன்று பொருந்துவதே பெரிது.

ஒரு சங்கத்தில் நான் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது கண்ட செய்தியை இங்குக் கூறுவது பயனுடையது. அங்கு லோடர், பக்கெட் நிறைந்த ஈர வண்டலைத் தூக்காமல் நின்றுவிடும் என்பது குறை. இருமடங்கு பெரிய பம்பு வாங்குவதற்கான தீர்மானம் குழுவின் முன் வைக்கப்பட்டிருந்தது. அங்கத்தினர்களில் ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் எழுந்து, "இப்போது அழுத்தம் எவ்வளவு என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அழுத்தமானி ஒன்றைக் குழாயில் இணைத்துப் பார்த்தபோது, 150 இருக்க வேண்டிய இடத்தில் முள் 90-ஐத் தாண்டவில்லை. ரிலீஃப் வால்வைப் பிரித்தார்கள். அதன் இருக்கையில் ஓர் இரும்புத் துகள் சிக்கி, வால்வு முழுவதும் மூடாமல் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. துடைத்து, எண்ணெயை வடிகட்டி, பில்டரை மாற்றினர். முள் 150-க்கு ஏறியது, வண்டலும் ஏறியது. தீர்மானம் கைவிடப்பட்டது. புதுப் பம்பு வாங்கியிருந்தால் துகள் அங்கேயே இருந்திருக்கும். அங்கத்தினர் பணம் மட்டும் போயிருக்கும்.

ஆகவே பம்பு வாங்குமுன் குறை எங்கே என்று பிரித்தறிய வேண்டும். எண்ணெய் குளிர்ந்திருக்கையில் நன்றாகத் தூக்கி, சூடேறியபின் சோர்ந்தால், பம்பு தேய்ந்திருக்கக் கூடும். தூக்கி நிறுத்திய பக்கெட் தானே மெல்ல இறங்கினால், குறை சிலிண்டர் சீலிலோ கட்டுப்பாட்டு வால்விலோ இருக்கும். பம்பைக் குறை கூறிப் பயனில்லை. வலு போதும், வேகம் மட்டும் போதாது என்றால்தான் பெரிய பம்பைப் பற்றிப் பேச வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் வலு போதாவிட்டால், சிலிண்டரை மாற்றுவதே வழி. 5 சென்டிமீட்டர் சிலிண்டருக்குப் பதில் 6.3 சென்டிமீட்டர் சிலிண்டர் இட்டால் வலு ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். அதே பம்பில் தூக்கும் நேரமும் 5 வினாடியிலிருந்து 8 வினாடி ஆகும். லோடரின் சட்டமும் டிராக்டரின் முன் அச்சும் அதனைத் தாங்குமா என்பதை முதலில் தேர்ந்தவரிடம் கேட்டறிய வேண்டும்.

எங்கே பொருத்துவது?

பம்பைப் பொருத்த மூன்று இடங்கள் உண்டு.

இஞ்சின் முன்புறம், கிராங்க் தண்டின் கப்பியோடு கப்ளிங் வைத்து நேராக இணைப்பது சிறந்தது. கிளட்சை மிதித்தாலும் பம்பு ஓடும். இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். சற்றுக் கோணினாலும் ஆயில் சீல் விரைவில் போகும்.

பெல்ட்டால் ஓட்டுவது இரண்டாவது. 11 குதிரைத் திறனை ஒரு சிறு வி-பெல்ட் தாங்காது, நழுவும். பெல்ட்டின் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும்படி எல்லாப் பம்புகளும் அமைந்திருப்பதில்லை. அத்தகைய பம்பானால் கப்பிக்குத் தனி பேரிங் கொடுத்து, பம்பைக் கப்ளிங்கில் இணைக்க வேண்டும்.

பி.டி.ஓ. தண்டில் மாட்டுவது மூன்றாவது. எளிது, கழற்றவும் வசதி. ஆயின் அத்தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்றே. நம் கணக்கின் 28 லிட்டரைப் பெற, சுற்றொன்றுக்கு 58 கன சென்டிமீட்டர் தரும் பெரிய பம்பு வேண்டும். அல்லது வேகத்தை மூன்று மடங்காக்கும் கியர்ப் பெட்டி ஒன்றை இடையில் வைத்து, 20 கன சென்டிமீட்டர் பம்பைப் பயன்படுத்தலாம். சிறு பம்பை நேராக 540 சுற்றில் ஓட்டி, "பம்பு பழுது" என்று திருப்பிக் கொடுப்பது அறியாமை.

சுழலும் திசையையும் மறத்தல் கூடாது. கியர் பம்புகளில் பல ஒரு திசைக்கு மட்டுமே உரியவை. பம்பின் தண்டு முனையை நேராகப் பார்த்து நின்று திசை கூறுவது வழக்கம். முன்னால் நின்று பார்த்தால் இஞ்சின் பெரும்பாலும் வலஞ்சுழியாக ஓடும். அதன் எதிரே, இஞ்சினை நோக்கி மாட்டப்படும் பம்பின் தண்டை நோக்கினால் அஃது இடஞ்சுழியாகத் தோன்றும். ஆதலால் கேட்க வேண்டியது இடஞ்சுழிப் பம்பு. பெல்ட் கப்பி முன்னோக்கி இருப்பின் வலஞ்சுழிப் பம்பு வேண்டும். வாங்குமுன் இஞ்சினைச் சுழற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வது நலம். திசை மாறி ஓடினால் எண்ணெய் வராது. சீல் பிய்ந்து வெளியேறுவதும் உண்டு.

குழாய், தொட்டி, வால்வு

பம்புகள் பெரும்பாலும் கெடுவது உறிஞ்சும் பக்கத்தில் நேரும் குறையால்தான். உறிஞ்சு குழாய் குட்டையாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். 28 லிட்டருக்கு 25 மில்லிமீட்டர் உட்குறுக்களவுள்ள குழாய் ஏற்றது. அதில் எண்ணெய் வினாடிக்கு ஒரு மீட்டருக்குள் செல்லும். தொட்டி பம்பைவிட உயரத்தில் இருப்பது நன்று. குழாய் ஒடுங்கியிருந்தாலோ காற்றை இழுத்தாலோ, சட்டிக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற ஓசை எழும். எண்ணெய் பால் போல் வெளுத்தால், காற்றோ நீரோ கலந்துள்ளது என்று அறிக. இவ்விரு குறிகளையும் கண்டவுடன் இஞ்சினை நிறுத்த வேண்டும்.

தொட்டியில் ஏறத்தாழ 30 லிட்டர் எண்ணெய் இருந்தால் மேற்கண்ட லோடருக்குப் போதும். திரும்பி வரும் எண்ணெயைப் பில்டர் வழியே விட வேண்டும்.

கட்டுப்பாட்டு வால்வு, கைப்பிடி நடுவில் இருக்கும்போது எண்ணெயைத் தடையின்றித் தொட்டிக்கு விடும் வகையாக இருக்க வேண்டும். நடுநிலையில் வழியடைக்கும் வால்வை இவ்வகைப் பம்போடு இணைத்தால், எண்ணெய் முழுவதும் ரிலீஃப் வால்வின் வழியே பிதுங்கிச் செல்லும். அந்த 9½ குதிரைத் திறனும் வெப்பமாகும். ஆயிரம் வாட் மின் அடுப்புகள் ஏழினை எண்ணெய்க்குள் எரியவிட்டதற்கு அது சமம்.

ரிலீஃப் வால்வை, பம்பு, சிலிண்டர், குழாய், லோடர்ச் சட்டம் ஆகியவற்றுள் மிகக் குறைந்த அழுத்தம் தாங்குவது எதுவோ அதற்கேற்ப வைக்க வேண்டும். "இன்னும் ஒரு சுற்று முறுக்கு" என்று அழுத்தமானி இல்லாமல் திருகுவது பெருந்தவறு.

உயிர்க் காவல்

தூக்கி நிறுத்திய பக்கெட்டின் கீழ் எவரும் செல்லலாகாது. குழாயைக் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, கைப்பிடியை அசைத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஹோஸ் குழாயின் ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வலிமையுடையது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கலாம். எண்ணெய் தோலில் புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முன்புறம் பளு ஏறும்போது பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். ஆதலால் பின்புறம் எதிர் எடை கட்டாமல் லோடரை வேலைக்கு அனுப்புதல் கூடாது.

நிர்வாகக் குழு செய்ய வேண்டுவன

சிலிண்டரின் குறுக்களவு, நீளம், எண்ணிக்கை, பம்பு அமையும் தண்டின் வேகம், சுழலும் திசை, தேவையான லிட்டர், அழுத்தம் ஆகிய ஏழினையும் ஒரு தாளில் எழுதுக. அத்தாளையே இணைத்து விலைப்புள்ளிகள் கேட்டால், எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பொருளுக்கு விலை கூறுவர், ஒப்பிடுவதும் எளிது. பழைய பம்பு மலிவாகக் கிடைத்தால், தண்டில் ஆட்டம் உள்ளதா என்று பார்த்து, எண்ணெய் சூடேறியபின் அழுத்தமானி வைத்துச் சோதித்த பின்னரே பணம் கொடுக்கவும். பொருத்திய நாள், வைத்த அழுத்தம், எண்ணெயும் பில்டரும் மாற்றிய நாள் ஆகியவற்றை டிராக்டர்ப் பதிவேட்டில் குறித்துவருக. அழுத்தமானி ஒன்றைச் சங்கத்தின் இருப்பிலேயே வைத்துக்கொள்வது சிக்கனமான செலவு.

பொதுக் குழுவில் எந்த அங்கத்தினரும் எழுந்து, "இந்தப் பம்பை ஏன் வாங்கினீர்கள்?" என்று கேட்கலாம். அது அவர் உரிமை. அப்போது எடுத்துக்காட்ட ஓர் எண்ணும் ஒரு தாளும் செயலாளர் கையில் இருத்தல் வேண்டும்.